அக்காவின் கூவல்

நானும் அக்காவும் பத்து பெரிங்கி என்ற கடற்கரை ஊரில் ஹோட்டல் ஒன்றில் மெக்சிகோ நாட்டு ராஞ்சேரா பாட்டுகள் பாடிப் பிழைத்தவர்கள். ஸ்பானிய வரிகளை ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டில் உட்கார்ந்து தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தோம். அந்தப் பாட்டுகளின் நடுவே அழுகையும் சிரிப்பும் கலந்த மாதிரி ஒரு நீண்ட கூவல் வரும். அது எப்போதும் அக்காவுடையது.

அக்காவின் கணவர், அத்தான், எங்களை ஹோட்டலில் கொண்டுவந்து விட்டுவிட்டு, பாட்டு முடியும்வரை வெளியே காரிலேயே உட்கார்ந்திருப்பார். ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. எனக்கு அவர்மேல் கடுப்புதான். "அவருக்கு இதெல்லாம் பிடிக்காது லா, விடு," என்பாள் அக்கா.

அக்கா போன வருஷம் இறந்துவிட்டாள். அவள் மகள் கல்யாணம் பாகான் டாலாமில், மாதா கோயில் மண்டபத்தில் நடந்தது. "சித்தி, அம்மா பாட்டு ஒண்ணு பாடுங்க," என்று மணப்பெண்ணே கேட்டதால் கிட்டாரை எடுத்துத் தனியாகப் பாடினேன். கூவல் வரும் இடத்தில், பழக்கத்தில் வாயை மூடிக்கொண்டு அக்காவுக்காகக் காத்திருந்தேன். என் கை மட்டும் கிட்டாரில் ஓடிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு மேசைப் பக்கமிருந்து அந்தக் கூவல் எழுந்தது. அத்தான், கையில் பிரியாணித் தட்டோடு. சுருதி சேரவில்லை. ஆனால் அக்கா மூச்சு வாங்கும் இடம், குரல் உடையும் இடம் எல்லாம் அப்படியே இருந்தது.

"கார் கண்ணாடிய எறக்கித்தான் வச்சிருப்பேன்," என்றார் பிறகு.

எங்களுக்கு எத்தனையோ பேர் கைதட்டியிருக்கிறார்கள். முழுசாகக் கேட்டவர் வெளியே காரில் இருந்திருக்கிறார். அக்காவுக்கு அது தெரியவே இல்லை.