இருவருக்கும் ஒரே மொழிபெயர்ப்பாளன்

குடும்பநல ஆலோசகரிடம் போகலாம் என்று சொன்னது என் மனைவிதான். அதற்குள் பெரியவர்கள் இரண்டு தடவை கூடிப் பேசிவிட்டார்கள். வந்தார்கள், இலை போட்டுச் சாப்பிட்டார்கள், "அனுசரிச்சுப் போங்க" என்று ஆளுக்கொரு முறை சொன்னார்கள், கிளம்பிவிட்டார்கள். யார் எதை அனுசரிப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை.

என் மாமனார் பொள்ளாச்சி ஆஸ்பத்திரி ஒன்றில் ஒன்பது நாள் கிடந்தார். அவள் கூடவே இருந்தாள். நான் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. போர் மோட்டார் எரிந்துவிட்டது, தென்னை காய்கிறது என்று தினமும் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் இறந்து, எடுக்கிற அன்றைக்குத்தான் போய் வாசலில் நின்றேன். காரியம் முடிந்த பிறகு அவள் பொள்ளாச்சியில் அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டாள். நான்கு மாதம் ஓடிவிட்டது. பத்தொன்பது வருடக் கல்யாணம். மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இவள் திரும்பி வருவாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கோயமுத்தூரில் தமிழ் பேசும் ஆலோசகர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே நாம் எந்தப் படியேறினாலும் ஒரு பங்காளி இறங்கி வருவான். அதனால் பாலக்காடு என்று முடிவாயிற்று. ஆஸ்பத்திரி இல்லை, ஒரு வீட்டு மாடிதான் என்று விசாரித்த பிறகே நான் சம்மதித்தேன்.

ஆலோசகர் அம்மா வடக்கே கண்ணூர்ப் பக்கம். தமிழ் நாலு வார்த்தை தெரிந்தால் அதிகம். என் மனைவிக்கு மலையாளமும் அதே கணக்குதான். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை கேரள எல்லைக்குள் இருந்தாலும் வீடு, கடை, கோயில் எல்லாம் தமிழ். மலையாளம் வில்லேஜ் ஆபீசுக்குத்தான் வேண்டும், அதற்கு நான் இருந்தேன். மொழிபெயர்க்க வெளியாள் வைக்கலாமா என்று கேட்டார். குடும்ப விஷயத்தில் மூன்றாம் ஆள் எதற்கு, நானே சொல்கிறேன் என்றேன். திருடன் கையில் சாவி கொடுத்த கதைதான்.

முதல் நாள் அவள் ஐந்து நிமிடம் விடாமல் பேசினாள். நான் மலையாளத்தில், "கொஞ்சம் வருத்தம் இருக்கிறதாம்" என்றேன்.

ஆலோசகர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சிரித்துவிட்டார். அடுத்த வாரம் ஒரு விதி போட்டார். "அவள் சொல்கிறாள் என்று இனிமேல் சொல்லாதீர்கள். நீங்கள் அவராகவே இருந்து சொல்லுங்கள். ஒரு வார்த்தை விடக்கூடாது."

நாடகம் போடச் சொல்கிறார்களே என்று எரிச்சலாக வந்தது. என் மனைவி தரையைப் பார்த்தபடி பேசினாள்.

"எங்கப்பா கண்ணு முழிக்கறப்பெல்லாம் மாப்பிள்ளை வந்துட்டாங்களான்னுதானுங்க கேட்டாரு. வழியில வந்துட்டிருக்காங்கன்னு ஒம்பது நாளும் பொய் சொன்னேன்."

எனக்கு அதுவரை தெரியாத விஷயம். யாரும் என்னிடம் சொன்னதில்லை. 'நான் என் அப்பாவிடம் ஒன்பது நாள் பொய் சொன்னேன்' என்று அதை மலையாளத்தில் சொன்னேன். அவள் வாயிலிருந்து கேட்டபோது அது குற்றச்சாட்டாகத்தான் இருந்தது. நானே சொன்னபோது வலித்தது.

அதற்கடுத்த வாரம் எங்களை நாற்காலி மாறி உட்காரச் சொன்னார். இப்போது அவள் நானாக இருந்து பேச வேண்டும். மொழிபெயர்ப்பு வழக்கம்போல என் தலையில். பத்தொன்பது வருடமாக என்னோடு குப்பை கொட்டியவள், கிண்டலடித்துத் தீர்க்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

"மோட்டார் எரிஞ்சது நெசந்தானுங்க. அன்னைக்குச் சாயந்தரமே புதுக் கம்பி சுத்தி ஓட்டியாச்சு. எனக்கு ஆஸ்பத்திரின்னா பயமுங்க. எங்கம்மாவைப் படுக்க வெச்சிருந்தப்ப டீ வாங்கியாறேன்னு கீழ போனேன். வந்து பாத்தா கட்டில் காலி. அப்பறம் நான் எந்த ஆஸ்பத்திரிப் படியும் ஏறுனதில்லைங்க. எம்புள்ள பொறந்தப்பக்கூட எதுத்தாப்பல டீக்கடையிலதான் நின்னேன்."

ஆலோசகர் பேனாவை மூடி வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார். நான் அவளாக இருந்து சொன்ன நாள் போய்விட்டது. இன்றைக்கு நானாகவே இருந்து சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை விடக்கூடாது.

"எனிக்கு பேடியாணு" என்றேன். எனக்குப் பயம் என்று என் வாழ்நாளில் எந்த மொழியிலும் சொன்னதில்லை. துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

படியிறங்கும்போது கேட்டேன். "உனக்கு முன்னமே தெரியுமா புள்ள?"

"கல்யாணமான வருசமே உங்க தங்கச்சி சொல்லிட்டா. நீங்களாச் சொல்லோணும்னு இருந்தேனுங்க."

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகும் பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். வாரா வாரம் ஒரே சீட்டில் உட்கார்ந்து, "ஒரு கொழிஞ்சாம்பாறை, ஒரு பொள்ளாச்சி" என்று நான் டிக்கெட் எடுப்பேன். கண்டக்டர் எங்களை ஒரு மாதிரி பார்ப்பார். என் ஊரில் நான் இறங்கிக்கொள்வேன், அவள் போய்விடுவாள். அன்றைக்கு நான் வாய் திறக்கும் முன்பே அவள் கையை நீட்டினாள்.

"ரெண்டு பொள்ளாச்சிங்க."

எனக்குப் புரியவில்லை. கொழிஞ்சாம்பாறையில் பஸ் நின்றது. பழக்க தோஷம், பாதி எழுந்துவிட்டேன். அவள் என் துண்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மோட்டார் போட்டுட்டு வந்துட்டேன் புள்ள" என்றேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

"ஓடட்டுமுங்க" என்றாள். "நீங்க வழியில வந்துட்டிருக்கீங்கன்னு எங்கப்பாகிட்டச் சொல்லியிருக்கேன். அவரு படத்துக்கு முன்னாலயாவது வந்து நில்லுங்க. அதுக்கப்பறம் ரெண்டு பேருமா நம்ம வூட்டுக்கு வரலாம்."

நான் உட்கார்ந்தேன்.