கடைவாய்ப் பல்லும் குவைத் போனும்

பிரியாணிக்குப் போடும் லவங்கம் எண்ணெயில் பொரிந்து அந்தக் காரமான மணம் எழும்போதெல்லாம், என் நாக்கு என்னைக் கேட்காமலேயே வலது பக்கக் கீழ்க் கடைவாய்க்குப் போய், பல் இல்லாத இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பும். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, கடல் தாண்டி நியூ ஜெர்சிக்கு வந்து சேர்ந்த பிறகும் இந்த வழக்கம் போகவில்லை. அந்தப் பல் எனக்குப் பத்து வயதில், குவைத்திலிருந்து அப்பா போன் செய்யவிருந்த ஒரு வெள்ளிக்கிழமையில் போனது.

அப்பாவை எங்கள் பக்கத்தில் "நைனா" என்போம். ஆந்திராவில் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே, வீட்டுக்குள் தமிழும் வாசலைத் தாண்டினால் தெலுங்குமாக வாழ்கிற ஊர் எங்களுடையது. நாட்டின் கதவுகள் எல்லாம் திறந்துவிட்டன என்று பேப்பரில் எழுதிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில் எங்களுக்கென்று திறந்தது குவைத் கதவு ஒன்றுதான். தெருவுக்கு ஒருவராவது டிரைவராகவோ கொத்தனாராகவோ அங்கே போயிருந்தார்கள். நைனா டிரைவராகப் போனார். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அவருக்கு லீவான நாளில், புத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குச் சாயங்காலம் போன் வரும். அதில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று மாதம் முழுக்க நான் மனப்பாடம் செய்துகொண்டிருப்பேன். அந்தச் சாயங்காலத்தைத் தவறவிட்டால் நைனாவின் குரல் கேட்க இன்னொரு மாதம் ஆகும்.

பல் கெட்டதற்கும் நைனாதான் காரணம் என்று அம்மா சொல்வாள். லீவில் வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் அவர் தங்க நிறக் காகிதம் சுற்றிய சாக்லெட் டப்பா ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். கடித்தால் தீர்ந்துவிடுமே என்று நான் ஒவ்வொன்றையும் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, நைனா கைபட்டது என்ற நினைப்போடு தூங்கிப்போவேன். டப்பா காலியான சமயத்தில் கடைவாய்ப் பல்லில் குழி விழுந்திருந்தது.

வலி வந்ததும் முதலில் லவங்கத்தை நசுக்கி வைத்தார்கள். அடுத்து உப்புத் தண்ணீர். "பல்லுல பூச்சி கீது" என்று பக்கத்து வீட்டு அத்தை கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டுப் புகை காட்டினாள்; பூச்சி வரவில்லை, இருமல்தான் வந்தது. பல்லில் தொடங்கி, காதுக்குப் போய், கண்ணுக்குப் பின்னால் நின்று இடித்துக்கொண்டே இருந்த அந்த வலியில் நான் சோற்றைப் பார்த்தாலே அழுதேன். ஆனாலும் வெள்ளிக்கிழமை வரட்டும் என்று இருந்தேன். அம்மாவின் கவலை வேறாக இருந்தது. "நைனாகிட்ட பல்லு நோவுதுன்னு வாயத் தொறக்காத. அங்க கீறவரு இன்னா பண்ணுவாரு? சோறு எறங்காது அவருக்கு" என்று சொல்லிச் சொல்லி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கன்னம் வீங்கி வலது கண் பாதி மூடிக்கொண்டது. அந்நேரம் பார்த்து, பங்காருபாளையம் மண்டிக்கு மாங்காய் லோடு ஏற்றிப் போகிற என் தாய்மாமன் தன் மொபெட்டில் வந்து இறங்கினார். மாமாவுக்கு எதிலும் சந்தேகமே வராது. "எலும்பு நோவுன்னா மெட்ராஸ்லர்ந்தே புத்தூருக்குத் தூக்கினு வரானுங்க. பக்கத்துலயே கீற நாம போயி டாக்டரத் தேடறதா? பல்லும் எலும்புதானேக்கா?" என்றார். புத்தூர் கட்டின் பெயர் எட்டுத் திக்கும் பரவியிருந்த காலம். எங்கள் வீட்டில் கை ஒடிந்தாலும் கழுத்து சுளுக்கினாலும் அங்கேதான் போவோம். அம்மாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. மாமா ஓட்ட, நடுவில் நான், பின்னால் அம்மா என்று மூவரும் கிளம்பினோம்.

கையும் காலும் கட்டுப் போட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த இடத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான். கட்டுப் போடும் பெரியவர் என் தாடையை மெல்ல அழுத்திப் பார்த்து, எங்கே விழுந்தாள் என்று தெலுங்கில் கேட்டார். எங்கும் விழவில்லை, பல் வலி என்று மாமா சொன்னதும் வரிசையில் இருந்தவர்கள் தங்கள் எலும்பு முறிவை மறந்து சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. "பன்னு மா பனி காது நாயனா, திருப்பதி தீஸ்கெள்ளு" என்றார். பல் எங்கள் வேலை இல்லையப்பா, திருப்பதிக்குக் கொண்டுபோ என்று அர்த்தம். வெளியே வந்த பிறகும் மாமா, "எலும்பு இல்லன்னா பின்ன இன்னா, மாவா அது?" என்று முனகிக்கொண்டிருந்தார்.

திருப்பதிக்குப் போனால் சாயங்காலத்துக்குள் திரும்ப முடியுமா என்பதுதான் கேள்வி. மாமாவைப் பூத்தில் உட்கார வைக்கலாம், ஆனால் அவர் வாயில் எதுவும் நிற்காது. அம்மா ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான், மாமாவை மண்டிக்கு அனுப்பிவிட்டு என்னைப் பஸ்ஸில் ஏற்றினாள். கோவிந்தா போட்டுக்கொண்டு போகிறவர்களின் கூட்டத்தில் நின்றுகொண்டே போனோம். பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் நான் அம்மாவின் புடவையைக் கடித்துக்கொண்டேன், இடது பக்கப் பல்லால்.

திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் அன்று லீவு. அங்கே யாரோ காட்டிய தெருவில், மாடியில் வீடும் கீழே கிளினிக்குமாக இருந்த ஒரு இடத்தைக் கண்டுபிடித்தபோது மத்தியானம் ஆகி, ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். சாயங்காலம் வா என்றாள் அங்கே பெருக்கிக்கொண்டிருந்த பெண். நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்து, "போலாம்மா, நைனா போன் பண்ணுவாரு. எனக்கு நோவுல" என்று பொய் சொன்னேன். எனக்கு அப்போது பல்லைவிட நைனாதான் வேண்டியிருந்தது.

அம்மா ஷட்டரைப் படபடவென்று தட்டினாள். சோற்றுக் கையோடு மாடியிலிருந்து எட்டிப் பார்த்த டாக்டரிடம், பிள்ளை வலியில் துடிக்கிறாள் என்று சொல்ல வேண்டியவள், பதற்றத்தில், "ஈ பிட்ட வாள்ள நாயன சாயந்த்ரம் போன் சேஸ்தாரய்யா" என்றாள். இந்தப் பிள்ளையின் அப்பா சாயங்காலம் போன் செய்வார் ஐயா! டாக்டருக்கு என்ன புரிந்ததோ, என் கன்னத்தைப் பார்த்தார், கையைக் கழுவிக்கொண்டு இறங்கி வந்தார். ஊசி போட்டு, மரத்துப்போன பின் அவர் பல்லை அசைத்து எடுத்தபோது, கல் அரைபடுவது போன்ற ஒரு சத்தம் மட்டும் தலைக்குள் கேட்டது. பஞ்சை வைத்து, கடித்துக்கொள், பேசக் கூடாது என்றார்.

புத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினோம். "ஒருதரம் அடிச்சிட்டாரு, மறுபடியும் பண்றேன்னாரு" என்று பூத்து அக்கா சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. அம்மா எடுத்து, அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது, வேறொன்றும் இல்லை என்று கூசாமல் சொல்லி ரிசீவரை என் காதில் வைத்தாள். மாதம் முழுக்க மனப்பாடம் செய்த அத்தனையும் பஞ்சுக்குப் பின்னால் நின்றுவிட, என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"கண்ணு, கீறியா? பேச முடிலன்னா பேசாத. போன்ல வெரலால தட்டு. ஆமான்னா ஒரு தட்டு, இல்லன்னா ரெண்டு. தெரிஞ்சிதா?"

ஒரு தட்டு தட்டினேன்.

"இஸ்கூலுக்குப் போறியா? அம்மா பேச்சு கேக்கறியா? சாக்லெட் துன்னியா, நல்லா இருந்திச்சா?"

எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு தட்டு. லைன் கரகரத்தது. பிறகு குரல் இறங்கி, "நைனா வந்துரட்டுமா கண்ணு?" என்றார். நான் பலமாக ஒரு தட்டு தட்டினேன். அதற்குள் லைன் போயிருந்தது. அவர் கேட்டாரா இல்லையா என்று தெரியாமலே நான் வளர்ந்தேன். அவர் ஊரோடு வந்து சேர்ந்தது நான் காலேஜ் முடித்த வருஷத்தில்.

இப்போது அந்தப் பூத் இல்லை. அங்கே ஒரு பல் கிளினிக்கே வந்துவிட்டது என்று அம்மா சொல்கிறாள். நினைத்த நேரத்தில் கூப்பிடுகிறோம், பேச ஒன்றும் இல்லாமல் வைத்துவிடுகிறோம். ஒரு மாதம் சேர்த்துவைத்துப் பேசுகிற அந்தப் பேச்சுக்கு நான் ஏங்குகிறேன் என்றால் என் மகள் சிரிப்பாள்.

போன வாரம் கூப்பிட்டபோது அம்மாதான் எடுத்தாள். "ஒங்க நைனாவுக்குப் பல்லெல்லாம் புடுங்கினு வந்துகீறோம். பஞ்சு வெச்சிக்கினு கீறாரு, பேசமாட்டாரு" என்றாள். நைனாவிடம் இருப்பது இன்னமும் பழைய பட்டன் போன், முகம் தெரியாது. காதில் வைக்கச் சொல்லி, "நைனா, ஆமான்னா ஒரு தட்டு, இல்லன்னா ரெண்டு. தெரிஞ்சிதா?" என்றேன். டக்கென்று ஒரு தட்டு. அவருக்கும் நினைவிருந்தது.

நோவுதா என்றேன். இரண்டு தட்டு. கஞ்சி குடித்தாயா என்றேன். ஒரு தட்டு. கடைசியில் அதையும் கேட்டேவிட்டேன்.

"நைனா, நான் வந்துரட்டுமா?"

உடனே ஒரு தட்டு கேட்டது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். வெகுநேரம் கழித்து, மெதுவாக, இரண்டாவது தட்டும் கேட்டது.