யோகம்மாவும் இரண்டாவது ஜன்னலும்

யோகம்மா பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். உயர்தரப் பரீட்சையில் தேறாமல் போனதும், இன்னொரு முறை எழுது என்று வீட்டில் சொன்னதைக் கேட்காமல் பண்டாரவளைக்குப் போய்த் தட்டச்சு பழகினார். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு பதுளையில் மதுசூதனன் என்பவரின் கொமினிகேஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் சிறிய கடை. கண்ணாடி அடைத்த இரண்டு தொலைபேசிக் கூண்டுகள், ஒரு போட்டோகொப்பி இயந்திரம், ஒரு ஃபேக்ஸ். குவைத்துக்கும் துபாய்க்கும் வீட்டு வேலைக்குப் போன மனைவியோடும் மகளோடும் பேச வருகிறவர்களால் ஞாயிற்றுக்கிழமைகளில் கடை வாசல் வரை ஆள் நிற்கும்.

மதுசூதனனின் குடும்பம் இந்தியாவிலிருந்து வந்து பதுளைக் கடைவீதியில் புடவைக்கடை வைத்த குடும்பம். அண்ணன்மாரோடு அதில் பங்குக்கு நிற்காமல் தனக்கென்று இந்தக் கடையைத் தொடங்கியிருந்தார். தொட்டது எல்லாம் உடனே பலன் தர வேண்டும் என்ற அவசரம் அவருக்கு உண்டு. ஆனால் சம்பளத்தை ஒரு மாதமும் பிந்திக் கொடுத்ததில்லை. கடைக்குக் கணினிகள் வந்தபோது, வெளியிலிருந்து ஆள் தேடாமல் யோகம்மாவையே வகுப்புக்கு அனுப்பினார்.

இணையத்தளம் போடும் யோசனை ஒரு மரண வீட்டிலிருந்து வந்தது. ஹாலி-எலப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் தன் தகப்பனாரின் மரண அறிவித்தலை எழுதிக்கொண்டு கடைக்கு வந்தார். அவருடைய அக்கா ஒரு நாட்டில், தம்பி இன்னொரு நாட்டில், மகள் கொழும்பில். யாரிடமும் ஃபேக்ஸ் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தொலைபேசியில் கோல் எடுத்து, ஒவ்வொரு முறையும் அந்தச் செய்தியை முதலிலிருந்து சொல்லி, ஒவ்வொரு முறையும் அழுதார். கூண்டுக்கு வெளியே நின்று பார்த்த யோகம்மா, எல்லாரும் ஒரே இடத்தில் பார்க்க ஒரு வழி இருந்தால் நல்லது என்று நினைத்தார். அடுத்த வருடம் ஊவா மாகாணத்தின் பெயரில் 'ஊவாப் பலகை' என்ற தளத்தை அவரே உருவாக்கினார். தோட்டங்களின் மரண அறிவித்தல்கள், திருமணங்கள், கோயில் திருவிழாத் திகதிகள் அதில் வந்தன. அந்தக் காலத்தில் எல்லாக் கணினியிலும் தமிழ் எழுத்துரு இருக்காது. கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் அறிவித்தலைத் தட்டச்சு செய்து, இறந்தவரின் படத்தோடு சேர்த்து, முழுவதையும் ஒரு படமாக மாற்றிப் போடுவார் யோகம்மா. தளத்தின் அடியில் கடையின் தொலைபேசி எண்ணும் இருக்கும்.

தளம் நடக்க ஒவ்வொரு வருடமும் செலவு இருந்தது. விளம்பர நிறுவனம் ஒன்றில் சேர்ந்தால் அதுவே அந்தச் செலவைப் பார்த்துக்கொள்ளும் என்று மதுசூதனன் எங்கோ கேள்விப்பட்டு வந்தார். விளம்பரம் என்றால் பக்கத்தைத் திறந்ததும் மேலே தனியாக எழும்பி நிற்கும் சின்ன ஜன்னல், பொப்-அப் என்பார்கள். நிறுவனம் தரும் சில வரிகளைத் தளத்தில் ஒட்டிவிட்டால் போதும், ஜன்னல் தானாக வரும்.

சேர்வதற்கு முன் நிறுவனத்தின் விதிகளை யோகம்மா அகராதியை வைத்துக்கொண்டு படித்தார். ஒரு வாசகருக்கு ஒரு நாளைக்கு ஒரு ஜன்னல்தான் காட்டலாம். மூடும் அடையாளம் தெளிவாகத் தெரிய வேண்டும். வேறு நிறுவனத்தின் பொப்-அப்பைக் கூடவே போடக் கூடாது. விளம்பரத்தை அமுக்கச் சொல்லி வாசகரைக் கேட்கக் கூடாது, தளத்துக்காரர் தாமே அமுக்கவும் கூடாது.

கடைசி விதியை மதுசூதனன் முதல் நாளே மீறப் பார்த்தார். ஆசையாக ஒரு கணினியில் உட்கார்ந்து தன் தளத்தைத் திறந்தார். ஜன்னல் எழும்பியதும் முகம் மலர்ந்தது.

"அமுக்கிப் பார்ப்போமே, எங்க போகுதுன்னு."

"வேணாங்க சார். நம்ம தளத்துல நம்மளே அமுக்கக் கூடாதுங்க."

"ஒரு தடவைதானே?"

"அவங்களுக்குத் தெரியுங்க. எந்த லைன்லருந்து அமுக்குறோம்னு எல்லாம் பதிவாகும்."

மதுசூதனன் கையை மவுஸிலிருந்து எடுத்துக்கொண்டார். அன்று முழுவதும் கடைக்கு வந்தவர்களிடம், "நம்ம சைட்ல வெளிநாட்டு விளம்பரம் வருது, ஆனா நான் தொடக் கூடாதாம்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு வருடத்துக்கு மேல் பிரச்சினை எதுவும் இல்லை. இரண்டாயிரத்து ஐந்தில் இன்னொரு விளம்பர நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. இவர்களுடைய ஜன்னல் பெரியது. திரையை முழுவதுமாக மூடும். மூடினால் இன்னொன்று திறக்கும். முதல் நிறுவனத்தைவிடப் பல மடங்கு தருவதாகச் சொன்னார்கள்.

"இதையும் சேர்த்துப் போடு யோகம்" என்றார் மதுசூதனன்.

"ரெண்டு கம்பெனியும் ஒண்ணா போடக் கூடாதுன்னு மொத கம்பெனி சொல்லியிருக்காங்க சார்."

"அவன் எங்கயோ இருக்கான். பதுளைக்கு வந்து எட்டிப் பார்க்கப் போறானா?"

"வரத் தேவையில்லைங்களே. அவங்க இருக்குற எடத்துலருந்தே பார்க்கலாம்."

"தமிழ் சைட்டை எவன் பார்ப்பான்? போடும்மா."

கடை அவருடையது. யோகம்மா போட்டார். எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான தலைப்பகுதி ஒன்று தளத்தில் இருந்தது. அதில் ஒட்டியதால் ஒரே வேலையில் எல்லாப் பக்கத்திலும் பெரிய ஜன்னல் வரத் தொடங்கியது. திருவிழாப் பக்கம், திருமணப் பக்கம், மரண அறிவித்தல் பக்கம் என்ற வித்தியாசம் அதற்குத் தெரியாது.

கொஸ்லந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரு வயதான அம்மா இறந்துபோனார். அவருடைய மகன் படத்தைக் கொண்டுவந்து கொடுத்து, அறிவித்தலைத் தளத்தில் போடச் சொல்லிவிட்டுப் போனார். மகள் கனகம் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தார். ஒப்பந்தம் முடியாததால் சாவுக்கு வர முடியவில்லை. 'அம்மா படம் கம்ப்யூட்டர்ல இருக்கு, யாரையாவது கேட்டுப் பாரு' என்று தம்பி தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

சில நாள் கழித்து ஒரு முற்பகலில் கடைத் தொலைபேசி அடித்தது. யோகம்மா எடுத்தார்.

"ஊவாப் பலகைங்களா? நான் கொஸ்லந்த கனகம் பேசுறேன். குவைத்துலருந்து."

"சொல்லுங்க அக்கா."

"எங்கம்மா படம் போட்டிருக்கீங்களாம். அதைப் பார்க்க முடியலைங்க மிஸ்."

"திறக்கலையா?"

"திறக்குது. அம்மா மொகம் பாதி வருது. அதுக்குள்ள பெருசா செவப்புல ஒண்ணு வந்து மூடிக்குது. உன் கம்ப்யூட்டர்ல வியாதி இருக்கு, இப்பவே அமுக்குன்னு சொல்லுதாம். எனக்கு இங்கிலீசு தெரியாது. மேடத்தோட மகதான் படிச்சுச் சொன்னா. மூடுனா இன்னொண்ணு. அதை மூடுனா இன்னும் ஒண்ணு. அந்தப் புள்ளை பயந்து அவங்கப்பாகிட்ட ஓடிருச்சு. நான்தான் ஏதோ கெடுத்துட்டேன்னு அவரு ஏசுனாரு. இனிமே கம்ப்யூட்டர் கிட்டயே போகக் கூடாதுன்னுட்டாங்க."

கனகம் அழவில்லை. பொறுமையாகக் கேட்டார்.

"அந்தச் செவப்பு எதுக்குங்க மிஸ்? செத்த வீட்டு நோட்டீஸ்ல அது எதுக்கு?"

"அது... விளம்பரங்க அக்கா."

"எங்க தம்பி குடுத்தானா?"

"இல்லைங்க. நாங்க போட்டது."

"போன் கார்டு முடியப்போகுது, வச்சுடுறேன்" என்று கனகம் வைத்துவிட்டார்.

மதுசூதனன் அப்போது வெளியே போயிருந்தார். அவர் வரும் வரை யோகம்மா காத்திருக்கவில்லை. தளத்தைத் திறந்து இரண்டாவது நிறுவனத்தின் வரிகளை நீக்கினார். மரண அறிவித்தல் பக்கங்களுக்கு வேறு தலைப்பகுதி எழுதி, முதல் நிறுவனத்தின் ஜன்னலும் அங்கே வராதபடி செய்தார். ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தார். அந்தக் கொஸ்லந்த அம்மாவின் பக்கத்தை இரண்டு முறை பார்த்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு வந்த மதுசூதனனிடம் நடந்ததைச் சொன்னார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றார் அவர்.

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க சார்."

"அதுக்காக? நாளைக்கு உனக்கு இஷ்டமில்லைன்னு கடையையே பூட்டிருவியா?"

"திருப்பிப் போடணும்னா வேற ஆளை வச்சுப் போட்டுக்கங்க. நான் போட மாட்டேன்."

ஏழு வருடத்தில் அவர்களுக்குள் இப்படிப் பேச்சு வந்ததில்லை. மதுசூதனன் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். அன்று மாலை வரை இருவரும் வாடிக்கையாளர்களோடு மட்டும் பேசினார்கள்.

மறுநாள் முதல் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. உங்கள் தளத்தில் வேறொரு நிறுவனத்தின் பொப்-அப் ஓடியதைக் கண்டோம், அது விதிமீறல், கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறோம், விளக்கம் தரவும் என்றது. மதுசூதனன் யோகம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ அவங்களுக்கு எழுதினியா?"

"இல்லைங்க சார். சத்தியமா இல்லை."

"பின்ன எப்படித் தெரிஞ்சது?"

"நான் அன்னைக்கே சொன்னேனே."

மதுசூதனன் நெற்றியைத் தடவிக்கொண்டார். பிறகு, "டெக்னீசியன் தெரியாம போட்டுட்டான்னு எழுது. அப்படித்தான் எல்லாரும் எழுதுவாங்க" என்றார்.

"டெக்னீசியன் நான்தான் சார். எனக்குத் தெரிஞ்சுதான் போட்டேன். நீங்களும் தெரிஞ்சுதான் சொன்னீங்க."

அவருக்குக் கோபம் வரும் என்று யோகம்மா எதிர்பார்த்தார். வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்தக் குவைத் பொண்ணு அப்புறம் எடுத்துச்சா?" என்று கேட்டார். இல்லை என்றார் யோகம்மா. மதுசூதனன் விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளிவிட்டு, "சரி, நடந்ததை எழுது. என் பேரையும் போடு" என்றார்.

யோகம்மா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினார். அதிகப் பணம் கிடைக்கும் என்று இரண்டாவது நிறுவனத்தின் ஜன்னலைப் போட்டோம். உங்கள் விதி தெரிந்தே போட்டோம். ஒரு வாசகர் சொல்லி எடுத்துவிட்டோம். இனிமேல் போட மாட்டோம். அவ்வளவுதான்.

பதில் வந்தது. ஆனால் மன்னிப்பு வரவில்லை, ஒரு கேள்விதான் வந்தது. பூவும் மனித முகமும் உள்ள அந்தப் படப் பக்கங்கள் என்ன? எங்களால் படிக்க முடியவில்லை. அவை மரண அறிவித்தல்கள் என்று யோகம்மா எழுதி அனுப்பினார். அதற்கு வந்த பதிலில்தான் சிக்கல் இருந்தது. எங்கள் ஆட்கள் படித்துப் பரிசோதிக்க முடியாத மொழியில் உள்ள பக்கங்களில் எங்கள் விளம்பரம் ஓடக் கூடாது. இதுவும் விதியில் இருக்கிறது. ஆங்கிலப் பக்கம் இருந்தால் அதில் மட்டும் போடலாம்.

யோகம்மா விதிகளை மறுபடி எடுத்துப் பார்த்தார். ஆம், இருந்தது. மொழிகளின் வரிசையில் தமிழ் இல்லை. முதலில் படித்தபோது அந்த வரிசையை ஏதோ நாடுகளின் பெயர் என்று நினைத்து விட்டுவிட்டிருக்கிறார். முதல் நாளிலிருந்தே தளம் விதிக்கு வெளியேதான் இருந்திருக்கிறது.

"அப்போ அவ்வளவுதானா?" என்றார் மதுசூதனன். "மூடிரலாமா?"

"இங்கிலீஷ் பக்கம் ஒண்ணு செய்வோமே சார்."

"யாருக்கு? தோட்டத்து லயத்து வீடுகள்ல இருக்கிறவங்களுக்கு இங்கிலீஷ்ல எதுக்கு?"

"அவங்களுக்கு இல்லைங்க. துன்ஹிந்த அருவி பார்க்க வர்ற வெள்ளைக்காரங்க நம்ம கடையிலதானே வந்து ட்ரெயின் நேரம் கேக்குறாங்க? அதைப் போடுவோம்."

அப்படியே செய்தார்கள். ரயில் நேரங்கள், பண்டாரவளை, எல்ல, வெலிமடைக்குப் போகும் பஸ்கள், தங்குமிடங்கள், அருவிக்கு நடக்கும் பாதை. தங்குமிடக்காரர்களிடம் மதுசூதனனே நேரில் போய் விவரம் வாங்கி வந்தார். பேச்சில் ஆளைப் பிடிப்பதில் அவர் கெட்டிக்காரர். அந்த ஆங்கிலப் பக்கங்களில் மட்டும் ஒரு வாசகருக்கு ஒரு நாளைக்கு ஒரு ஜன்னல் எழும்பியது. முன்னைப்போல் வரும்படி வரவில்லை. தளத்தின் செலவுக்கு ஏறக்குறைய சரியாக வந்தது. தமிழ்ப் பக்கங்கள் விளம்பரம் எதுவும் இல்லாமல் நடந்தன.

கனகத்தின் தம்பியிடம் குவைத் விலாசத்தை வாங்கி, அவருடைய அம்மாவின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு யோகம்மா தபாலில் அனுப்பினார். பதில் எதுவும் வரவில்லை. போய்ச் சேர்ந்ததா என்றும் தெரியவில்லை. மறுவருடம் விடுமுறையில் வந்த கனகம், கடவுச்சீட்டைப் போட்டோகொப்பி எடுக்கக் கடைக்கு வந்தார். யோகம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. குரலைக் கேட்டுத்தான் கண்டுபிடித்தார்.

"படம் வந்துச்சுங்களா அக்கா?"

"வந்துச்சு. என் ரூம்ல ஒட்டி வச்சிருக்கேன்." பிறகு கொஞ்சம் சிரித்தார். "ஆனா அந்தச் சீலை எங்கம்மாவோடது இல்லை தங்கச்சி. அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கப் பக்கத்து வீட்டுல வாங்கிக் கட்டுனது. அவங்க அந்தக் கலர் கட்டவே மாட்டாங்க."

யோகம்மா அவரைக் கணினி முன் உட்கார வைத்துப் பக்கத்தைத் திறந்து கொடுத்தார். கனகம் விரும்பிய அளவு நேரம் பார்த்தார். கொஸ்லந்த பஸ்ஸுக்கு நேரமானதும் எழுந்து போனார்.

கொஞ்ச காலத்தில் கணினிகளே பொப்-அப்பைத் தடுக்கத் தொடங்கிவிட்டன. விளம்பர நிறுவனம் ஜன்னலைக் கைவிட்டு, பக்கத்தின் ஓரத்தில் சிறு பெட்டி போடும் முறைக்கு மாறி, புதிய விதிகளை அனுப்பியது. மதுசூதனன் அவற்றை அச்சிட்டு யோகம்மாவிடம் கொடுத்து, "நீ படிச்சுச் சொல்லு, அப்புறம் சேரலாம்" என்றார்.

கையடக்கத் தொலைபேசி எல்லா லயத்துக்கும் வந்தபின் கோல் எடுக்க வருகிறவர்கள் குறைந்தார்கள். மதுசூதனன் கூண்டுகளைக் கழற்றிவிட்டுத் தொலைபேசி விற்கும் கடையாக மாற்றினார். இணையத்தளம் அவருக்கு இனித் தேவைப்படவில்லை.

"நீயே வச்சுக்க யோகம். நீ செஞ்சதுதானே?"

இரண்டாயிரத்து ஒன்பதில் யோகம்மா பண்டாரவளையில் ஒரு அறை எடுத்து, ஒரு கணினியோடும் ஒரு போட்டோகொப்பி இயந்திரத்தோடும் தன் கடையைத் தொடங்கினார். திறந்த அன்று முதலில் வந்தவர் பூனாகலையிலிருந்து வந்த ஒரு பெண். மகளின் கல்யாண அறிவித்தலை 'ஊவாப் பலகை'யில் போட வேண்டும் என்றார். யோகம்மா மாப்பிள்ளையின் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டுத் தட்டச்சு செய்யத் தொடங்கினார்.