கையில் ஸ்க்ரூ டிரைவரோடு எழுந்தவள்

மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அக்காதான். மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காலியான இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"இன்னாடி, நீயும் இந்தக் கதை படிக்கிறியா? ஒரு வார்த்த சொல்லல பாரு. வா, உக்காரு."

நான் அங்கே உட்கார முடியாது. எனக்கான நாற்காலி முன்னால், பச்சை விரிப்புப் போட்ட மேசைக்குப் பின்னால் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே கூடியிருந்த பதினாறு பேரும் போனில் ஒரு ஜாம்பித் தொடரைப் படிப்பவர்கள். புனைபெயரில் அதை எழுதுவது யாரென்று பார்க்க வந்தவர்கள். எழுதுவது நான். தொடரில் முதன்முதலாக ஜாம்பியாக மாறி எழுந்து நிற்பவள், இதோ எனக்கு இடம் தட்டிக் காட்டுகிற இந்த அக்கா. எழுதுவது நான் என்று அவளுக்குத் தெரியாது. எழுதப்பட்டது தான்தான் என்று அவளுக்குத் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது.

"இதோ வர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன். பத்தடி தூரம் இருக்கும்.

அக்கா எனக்குக் கூடப் பிறந்தவள் இல்லை. பஸ்ஸில் கிடைத்தவள். நான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, குன்றத்தூரில் இன்னும் மூன்று பெண்களோடு ஒரு அறையில் இருக்கிறேன். ஒரகடத்தில் உள்ள எங்கள் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி பஸ் குன்றத்தூரில்தான் கிளம்புகிறது. அக்கா மணிமங்கலத்தில் ஏறுவாள். அதற்குள் பஸ் நிரம்பிவிடும். அதனால் என் பக்கத்து சீட்டில் பையை வைத்துவிடுவேன். எங்கள் பஸ்ஸில் அது ஒரு சட்டம் மாதிரி. சீட்டில் பை இருந்தால் ஆள் இருப்பதாக அர்த்தம். சூப்பர்வைசர் ஏறினாலும் பையைத் தள்ளிவிட்டு உட்கார மாட்டார். மணிமங்கலத்தில் அக்கா ஏறி, பையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு உட்கார்வாள். உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து பேச்சு.

மனிதர்கள் பேசுவதைக் கேட்பதில் எனக்கு ஒரு பைத்தியம். பன்னிரண்டாவதோடு படிப்பு முடிந்தது. எழுதுவது எப்படி என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. காதில் விழுவதைப் போனில் குறித்துக்கொள்வேன், அவ்வளவுதான். நாங்கள் வரிசையாக நின்று வேலை செய்யும் லைனில் ஓடும் ஏசியைப் பற்றி அக்கா சொல்வாள், இங்கே இட்லி மாவு வைத்தால் தீபாவளிக்குக்கூடப் புளிக்காது என்று. சீக்கிரம் போகச் சொன்னால் டிரைவர் அண்ணன் சொல்வார், வண்டி போகிறது, ரோடுதான் கூட வரமாட்டேன் என்கிறது என்று. இப்படி நூற்றுக்கணக்கில் வைத்திருக்கிறேன்.

ஜாம்பியும் அந்த பஸ்ஸில் கிடைத்ததுதான். வேலை முடிந்து திரும்பும்போது எல்லாரும் தலை சாய்ந்து, வாய் திறந்து தூங்குவார்கள். ஸ்டாப் வந்ததும் அந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டியவர்கள் மட்டும் கண்ணைத் திறக்காமலே எழுந்து, வரிசையாக நடந்து இறங்கிவிடுவார்கள். ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. செத்த பிறகும் இவர்கள் இப்படித்தான் சரியான ஸ்டாப்பில் இறங்குவார்கள் என்று தோன்றியது. கதை அங்கே பிறந்தது. ஆனால் முதல் ஜாம்பி யார் என்பது மட்டும் பிடிபடவில்லை.

அது பிடிபட்டது அக்கா விழுந்த அன்றைக்கு.

லைனில் என் இடத்திலிருந்து நாலாவது இடத்தில் நின்றிருந்த அக்கா சாய்ந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. வலிப்பு என்று தெரிந்ததும் நாலைந்து பேர் ஒரே குரலில் சாவி, சாவி என்றார்கள். எங்கள் ஊரிலும் அதுதான் பழக்கம், கையில் இரும்பைக் கொடுப்பது. ஆனால் எங்கள் ஹாலுக்குள் உலோகம் எதையும் கொண்டுவர விடமாட்டார்கள். கொலுசு, ஹேர்பின், சாவி எல்லாம் வாசலிலேயே லாக்கருக்குள் போய்விடும். அத்தனை பேர் இருந்த இடத்தில் ஒரு சாவி இல்லை. நான் பக்கத்து மேசையில் கிடந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவள் கையில் வைத்து விரல்களை மூடினேன். அவள் தலை தரையில் முட்டிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து மடியில் தாங்கிக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை.

மெடிக்கல் ரூம் சிஸ்டர் வந்து அந்தக் கையைப் பிரித்து, அவளைத் திருப்பி ஒருக்களித்துப் படுக்க வைத்தார். எந்தப் புத்திசாலி இதைக் கொடுத்தது என்று கேட்டார். இரும்பால் ஒன்றும் நிற்காது, கூரான பொருள், இழுக்கிற இழுப்பில் கண்ணில் குத்தியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று அத்தனை பேர் நடுவில் கேட்டார். எனக்கு உடம்பு கூசிப்போனது. அதற்குப் பிறகு அதைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அக்கா ஒன்றரை மாதம் வரவில்லை. அந்த நாட்களில்தான் முதல் பாகத்தை எழுதினேன். லைனில் ஒரு பெண் விழுகிறாள். எல்லாரும் ஓடிவிடுகிறார்கள். ஆளில்லாத ஹாலில் அவள் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு எழுந்து நிற்கிறாள். படித்தவர்கள் பயந்துபோனதாக எழுதினார்கள். அடுத்தது எப்போது என்று கேட்டார்கள். நான் பூரித்துப்போனேன் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு அக்கா திரும்பி வந்தாள். உட்கார்ந்து செய்கிற பேக்கிங் வேலைக்கு மாற்றினார்கள். முதல் நாள் பஸ்ஸில் ஏறியதும், தொடரைப் படித்திருந்த பின்சீட்டுப் பெண் ஒருத்தி, ஸ்க்ரூ டிரைவர் அக்கா வந்தாச்சு, கழுத்தை மூடிக்கோங்கடி என்றாள். பஸ்ஸே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். மறுநாளிலிருந்து எங்களுக்கு முன்சீட்டில் இருந்த இரண்டு பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பையை மட்டும் தினமும் வைத்தேன்.

இப்போது அவள் மூன்றாவது வரிசையில். நான் மேசைக்குப் பின்னால்.

கூட்டத்தை ஏற்பாடு செய்தவர் ஒரு கார் கம்பெனியில் பெயின்ட் அடிக்கும் பிரிவில் இருப்பவர், விருதுநகர்க்காரர். எங்கள் வாசகர் வாட்ஸப் குழுவை நடத்துபவர். அவர் போகிற மாதா கோயிலின் மண்டபம்தான் அது. சுவரில் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் வரைந்த படங்கள். இடம் கேட்கப் போனபோது ஃபாதர், பேய்க் கதையா என்று யோசித்தாராம். இவர், பேய் இல்லை ஃபாதர், செத்தவர்கள் எழுந்து வருகிற கதை என்றாராம். அப்படியானால் அது நம்ம கதைதான், தாராளமாக நடத்துங்கள் என்று ஃபாதர் சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தாராம். இதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டு அவர் என் பக்கம் கையைக் காட்டினார். எழுதுகிறவர் இவர்தான் என்றார்.

நான் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்காமலே, மடியிலிருந்த கைப்பை மறுபடியும் பக்கத்து நாற்காலிக்குப் போனது தெரிந்தது. அந்த இடம் இனி எனக்கில்லை.

கேள்விகள் ஆரம்பித்தன. ஐடி கார்டு இல்லாமல் ஜாம்பியை செக்யூரிட்டி எப்படி உள்ளே விட்டார் என்று ஒருவர் கேட்டார். கார்டு கழுத்திலேயே இருக்கும், செத்தாலும் கழற்ற மாட்டார்கள் என்றேன். ஆறாம் பாகத்தில் ஜாம்பிகளைச் செம்பரம்பாக்கம் ஏரியில் தள்ளியது ஒரு பெண்ணுக்குப் பிடிக்கவில்லை. மெட்ராஸே அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறது, கதை முடிந்த பிறகு அந்த ஜனங்கள் என்ன ஆவார்கள் என்று உண்மையான கவலையோடு கேட்டாள். எனக்கு அது தோன்றவே இல்லை. இன்னொருவர், எங்கள் லைனில் ஜாம்பி வந்தால் டார்கெட் முடித்த பிறகுதான் கடிக்க விடுவார்கள் என்றார். சிரிப்பு. நானும் சிரித்தேன். ஒவ்வொரு கேள்வி முடிந்ததும், அடுத்து அவள்தான் என்று நினைத்தேன். அவள் கையைத் தூக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

கடைசியில் தூக்கினாள். கேட்பதற்கு எழுந்து நின்றாள்.

"மொத பாகத்துல அந்தப் பொண்ணு வுழறா இல்ல? அத்த நீ பாத்து எழுதினியா, யோசிச்சு எழுதினியா?"

"பாத்துதான்க்கா."

பெயின்ட் பிரிவுக்காரருக்குச் சந்தோஷம். உண்மைச் சம்பவமா என்றார். அக்கா அவர் பக்கம் திரும்பி, "ஆமாங்க. அது நான்தான்" என்றாள்.

"வுழுந்ததுலருந்து மெடிக்கல் ரூம்ல கண்ணத் தொறந்த வரிக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது. யாரக் கேட்டாலும், வுடுக்கா, ஒண்ணும் ஆவலன்னுட்டாங்க. இந்தக் கதைலதான் படிச்சேன். நாலு வாட்டி படிச்சேன். எல்லாரும் ஓடிட்டாங்கன்னு எழுதிக்கீது." என் பக்கம் திரும்பினாள். "ஓடிட்டாங்களா?"

பஸ்ஸில் அவள் கேலியைத் தாங்கிச் சிரித்ததெல்லாம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. கேலி அவளுக்குப் பெரிதில்லை. இத்தனை நாளாக, தன்னைத் தரையில் விட்டுவிட்டு ஓடியவர்களோடுதான் தினமும் ஒரே பஸ்ஸில் போய் வருகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த நினைப்பை அவளுக்குக் கொடுத்தது என் கதை.

"ஓடலக்கா. யாருமே ஓடல. எல்லாரும் சாவி தேடுனாங்க. சாவி இல்ல. ஸ்க்ரூ டிரைவர உங்க கையில வச்சது நாந்தான். அது தப்புன்னு சிஸ்டர் ஏசுனாங்க. உங்க தல எம்மடியில இருந்துச்சு."

அவள் தன் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். "ரெண்டு வாரம் இந்தக் கை வலிச்சிது. ஏன்னு தெரியாமலே தைலம் தேச்சுகினு கெடந்தேன்" என்றாள், யாரிடம் என்றில்லாமல். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்ப கதைல நீ எங்கடி?"

"எடுத்துட்டேன்க்கா."

"ஏன்?"

சிஸ்டர் ஏசிய அவமானம் ஒரு காரணம். ஆனால் அது மட்டுமில்லை. தலையைத் தாங்க ஒரு ஆள் உட்கார்ந்துவிட்டால் அங்கே ஜாம்பி எழுந்திருக்காது. மயங்கிக் கிடக்கும் ஒரு பெண்தான் இருப்பாள். படிக்கிறவர்கள் பயப்பட வேண்டும் என்பதற்காக என்னை அங்கிருந்து எழுப்பிவிட்டேன். இதைப் பதினாறு பேர் முன்னால் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. பெயின்ட் பிரிவுக்காரர் நிலைமையைப் பார்த்து, டீ ஆறுகிறது என்று எல்லாரையும் எழுப்பினார். நான் டம்ளரோடு தேடியபோது அக்கா போயிருந்தாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் வழக்கம்போலப் பையை வைத்தேன். சோமங்கலம் தாண்டியதும் எடுத்துவிடலாமா என்று தோன்றியது. அவள் ஏறி, அந்தப் பையைப் பார்த்துவிட்டு வேறு இடம் போனால் அதை நான் பார்க்க வேண்டியிருக்கும். எடுத்தேன். மறுபடியும் வைத்தேன். மணிமங்கலம் ஸ்டாப் வந்தபோது பை சீட்டில் இருந்தது.

அக்கா ஏறினாள். பின்சீட்டுப் பெண் வழக்கமான வார்த்தையைச் சொன்னாள். கழுத்தை மூடிக்கோங்கடி.

நான் எழுந்து திரும்பி நின்றேன். அந்தக் கதையை எழுதியது நான்தான் என்றேன். எல்லாரும் ஓடியதாக நான் எழுதியது பொய் என்றேன். அன்றைக்கு நீயும்தானே சாவி, சாவி என்று கத்தினாய் என்று அவளிடமே கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் போனைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, உட்காரும்மா, பள்ளம் வருகிறது என்றார்.

அக்கா பையை எடுத்து என் மடியில் வைத்தாள். உட்கார்ந்தாள். படப்பை வரும்வரை ஒரு வார்த்தை இல்லை. அவ்வளவு நேரம் அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

பிறகு, "போன எடு" என்றாள்.

எடுத்தேன்.

"அந்த மொத பாகத்துல நீ வந்து உக்காரணும். சாவியும் வாணாம், ஒண்ணும் வாணாம். சிஸ்டர் வந்து இன்னா செஞ்சாங்களோ அத்த எழுது. படிக்கிறவங்க அதையாவது தெரிஞ்சிக்கட்டும்."

அப்படி எழுதினால் நீங்கள் ஜாம்பியாக எழுந்திருக்க முடியாதே, மீதிப் பாகங்கள் எல்லாம் என்ன ஆவது என்று கேட்டேன். அது உன் தலைவலி என்றாள். அது என் தலைவலிதான், இன்னும் தீரவில்லை. வாட்ஸப் குழுவில் அடுத்த பாகம் எங்கே என்று தினமும் கேட்கிறார்கள். என்னை மன்னித்துவிட்டாளா என்று அவளிடம் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

அன்றைக்கு, ஒரகடம் நெருங்கும்போது, ஒருக்களித்துப் படுக்க வைத்தாள் என்று ஒரு வரி தட்டினேன். அக்கா எட்டிப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம் ஒருக்களிச்சு?"

சிஸ்டர் வந்து திருப்பிப் படுக்க வைத்தது நினைவிருந்தது. "இடது பக்கம்க்கா."

"எழுது" என்றாள்.