மோசல் கரையில் திராட்சை ஆய்ந்த சனிக்கிழமை

போன ஒக்டோபரின் முதல் சனிக்கிழமை நானும் இவரும் மோசல் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு வைன் தோட்டத்துக்குப் பழம் ஆயப் போனோம். அறுவடைக் காலத்தில் இப்படி ஒரு நாள் போய்வர யோசிப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். குடிக்காத ஆட்கள் வீட்டில் இருந்தால் கட்டாயம் கடைசிவரை வாசியுங்கோ.

இது நாங்களாகத் திட்டமிட்ட பயணமில்லை. இவர் கெல்சன்கிர்ஷனில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்கிறார். அங்கே சேர்ந்து இருபது வருடம் ஆனதற்கு, கூட வேலை செய்பவர்கள் சேர்ந்து ஒரு பரிசுச் சீட்டு வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு பேருக்கு ஒரு நாள் அறுவடை, சாப்பாடு, வைன் சுவைத்தல், ஓர் இரவு தங்கல். நல்ல மனதோடு கொடுத்ததுதான். ஆனால் இவர் குடியை விட்டு ஆறு வருடமாகிறது என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. வேலை முடிந்து பியர் குடிக்க இவர் போகாததற்குக் காரணம் நான் என்றுதான் நினைத்திருந்தார்களாம். அந்தப் பழி எனக்குப் பரவாயில்லை.

சீட்டைக் கண்டதும் மகள் பதறிப்போனாள். "அம்மா, இதை ஆருக்கும் குடுத்திடுங்கோ. அப்பாவைக் கொண்டுபோய் அதுக்குள்ள இருத்தப் போறீங்களோ?"

இவர் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நான் பழம் ஆயத்தான் போறன். குடிக்கப் போகேல்லை" என்றார். அவ்வளவுதான். நானும் ஓம் என்றேன். ஆனால் அதற்குப் பிறகு எத்தனையோ இரவு நித்திரையில்லாமல் கிடந்தேன் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

நாங்கள் இருக்கும் எசன் நகரிலிருந்து ஏறக்குறைய இருநூறு கிலோமீற்றர். விடிய ஆறு மணிக்கு வெளிக்கிட்டு, வழியில் ஒரு தேத்தண்ணிக்கு நிறுத்தி, ஒன்பதுக்கு முன்னம் போய்ச் சேர்ந்தோம். ரயிலில் வருகிறவர்கள் கோப்லென்ஸில் மாறிப் புல்லாய் என்ற நிலையம் வரை வரலாம். அங்கிருந்து பஸ் இருக்கிறது, ஆனால் சனி ஞாயிறுகளில் நேரம் பார்த்து வாருங்கோ. சீட்டு இல்லாமல் போனால் ஆளுக்கு எண்பது யூரோ, அறைக்கு இரண்டு பேருக்குக் காலைச் சாப்பாட்டோடு நூற்றுப்பத்து யூரோ. எங்களுக்குப் பெற்றோல் மட்டும்தான் செலவு.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஆற்றைக் கண்டவுடன் இவர் காரின் வேகத்தைக் குறைத்துவிட்டார். ஆறு பாம்புபோல வளைந்து போக, இரண்டு பக்கமும் மலை. மலை முழுக்கத் திராட்சை. பாதி மஞ்சள், பாதி பச்சை. மேலே பனிப்புகார் இன்னும் கலையவில்லை. "இதில ஆக்கள் எப்பிடி ஏறி நிக்கிறது?" என்று கேட்டார். எனக்கும் அதே கேள்விதான்.

தோட்டக்காரி உல்ரிக்கேக்கு ஐம்பது வயது இருக்கும். முற்றத்திலேயே நின்று எல்லாரையும் வரவேற்றா. எங்களோடு கொலோன் நகரிலிருந்து வந்த ஒரு சோடியும் நான்கு ஒல்லாந்துச் சினேகிதிகளும். வரவேற்பு என்றால் இந்த ஊர் முறைப்படி கையில் ஒரு கிளாஸ் நுரைக்கும் வைன். தட்டு இவருக்கு முன்னால் வந்து நின்றது.

"நன்றி, எனக்கு வேண்டாம்."

"கார் ஓட்டத் தேவையில்லையே, இங்கேதானே தங்குகிறீர்கள்!" என்று உல்ரிக்கே சிரித்தா.

இவர் எதையாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன். கல்யாண வீடுகளில் வயிறு சரியில்லை, மருந்து எடுக்கிறேன் என்று ஏதாவது சொல்லித்தான் தப்புவார். அன்று அப்படிச் சொல்லவில்லை. "நான் ஒரு காலத்தில் அளவுக்கு மிஞ்சிக் குடித்தவன். ஆறு வருடமாகக் குடிப்பதில்லை. பழம் ஆய வந்திருக்கிறேன்" என்று ஜேர்மனில், எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. உல்ரிக்கே "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு போத்தல் தண்ணீரும் இரண்டு கிளாசும் கொண்டுவந்து வைத்தா. பிறகு கத்தரிக்கோல்களை எடுத்து நீட்டினா. அந்த 'சரி'க்காகவே அவவை எனக்குப் பிடித்துப்போனது.

இனி வேலை. தண்டவாளம் ஒன்றே ஒன்று மலையில் ஏறிப்போகிறது. அதில் ஒரு சின்ன எஞ்சின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஏறும். ஆட்கள் நடந்துதான் ஏற வேண்டும். நிலம் முழுக்கக் கறுப்புத் தட்டைக் கல், காலடியில் சரசரவென்று வழுக்கும். யாழ்ப்பாணத்தில் திராட்சை என்றால் தலைக்கு மேலே பந்தல். இங்கே ஒவ்வொரு கொடிக்கும் ஒரு தடி, அதில் இரண்டு கிளையை வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஒரு கையால் தடியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் குலையை வெட்ட வேண்டும். கீழே பார்க்காமல் இருந்தால் நல்லது. நான் பார்த்துவிட்டேன். அதோடு பத்து நிமிடம் ஒரு தடியைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன்.

ஆய்வதற்கு முன் குலையை மணந்து பார்க்கச் சொன்னா உல்ரிக்கே. சில பழங்கள் ஊதா நிறமாகச் சுருங்கியிருக்கும், அவை நல்லவை. வினாகிரி மணம் அடித்தால் அந்தப் பகுதியை வெட்டி எறிய வேண்டும். இவர் இதில் நன்றாக இறங்கிவிட்டார். மூக்குக்குக் கிட்ட வைத்துப் பார்த்துப் பார்த்து வெட்டினார். கொலோன் மனிதர் ஒரு வாளி நிரப்புவதற்குள் இவர் இரண்டு நிரப்பியிருந்தார். மத்தியானம் மலையிலேயே உருளைக்கிழங்கு சூப். குளிர் காற்றில் அந்தச் சூடு தொண்டைக்குள் இறங்கியபோது வீட்டு யோசனை எதுவும் வரவில்லை.

மூன்று மணிபோல இறங்கி முற்றத்துக்கு வந்தோம். பழத்தைப் பிழியும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து வழிந்த சாற்றை உல்ரிக்கே ஒரு கிளாசில் பிடித்து நேரே இவரிடம் கொடுத்தா. "இது இப்போது பிழிந்தது. வெறும் சாறு." கலங்கிய மஞ்சள் நிறம், தேன்போல இனிப்பு, கடைசியில் ஒரு புளிப்பு. இவர் இரண்டு கிளாஸ் குடித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் கண்டு கனகாலம்.

பிறகு நான் முற்றத்தின் மறு கரையில் குழாயடியில் கை கழுவப் போனேன். உல்ரிக்கேயின் கணவர் மத்தியாஸ் நிலவறையிலிருந்து ஒரு கண்ணாடிச் சாடியோடு ஏறி வந்தார். காலையில் அவர் முற்றத்தில் இருக்கவில்லை. சாடிக்குள் அதே கலங்கிய மஞ்சள். இவருடைய வெறுங் கிளாசைக் கண்டவர், சிரித்தபடி அதை நிரப்பிவிட்டு அடுத்தவரிடம் போனார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒல்லாந்துப் பெண்களில் ஒருத்தி கையைத் தட்டி "பெடர்வைசர்!" என்றாள். பெடர்வைசர் என்பது பாதி புளித்த சாறு. பார்க்கச் சாறு மாதிரியே இருக்கும், இனிக்கும், ஆனால் குடித்தால் வெறிக்கும். இயந்திரச் சத்தத்தில் அவள் சொன்னது இவருக்குக் கேட்கவில்லை. இவர் கிளாசைத் தூக்கிவிட்டார். நான் கத்தினேன். அதுவும் கேட்கவில்லை. ஈரக் கையோடு ஓடினேன். முற்றத்தில் பழத்தோல் சிந்திக் கிடந்தது, வழுக்கி ஒரு பெட்டியில் மோதி நின்றேன்.

கிளாஸ் உதட்டுக்குக் கிட்ட வந்து நின்றது. இவர் அதை மணந்தார். பிறகு மேசையில் வைத்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றார்.

"என்ன ஓடி வாறீர்? விழுந்திருப்பீர்."

"அது சாறில்லையப்பா…"

"தெரியும். கள்ளு மணம் அடிச்சது."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. விசயம் தெரிந்து மத்தியாஸ் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். "உங்களுக்குத் தெரியாதுதானே" என்று இவர் அவருடைய தோளில் தட்டினார். பிறகு என்னிடம், "நான் ஆத்தடிக்கு ஒருக்காப் போட்டு வாறன். தனியப் போறன்" என்றார்.

தனிய. ஊரில் மூன்று மதுக்கடை. ஆற்றங்கரை முழுக்க அறுவடைக் கொண்டாட்டம். முந்தியென்றால் பின்னாலேயே போயிருப்பேன், ஒளித்தாவது போயிருப்பேன். அன்று முற்றத்து வாங்குப் பலகையிலேயே இருந்தேன். உல்ரிக்கே பக்கத்தில் வந்து இருந்து, ஒன்றும் கேட்காமல் வெங்காயம் வெட்டத் தொடங்கினா. நானும் ஒரு கத்தியை எடுத்தேன். கண்ணீர் வந்ததற்கு வெங்காயத்தின் மேல் பழியைப் போடலாம். இரண்டு பேரும் ஒரு பெரிய சட்டி நிறைய வெட்டி முடித்தோம்.

அவர் திரும்பி வரும்போது சப்பாத்து முழுக்கச் சேறு. "சரியான பசி" என்றார். நான் வாயை ஊதிக் காட்டச் சொல்லவில்லை. கிட்டப் போய் மணந்தும் பார்க்கவில்லை. ஆறு வருடத்தில் அது முதல் தடவை.

இரவுச் சாப்பாடு அடுப்பிலிருந்து இறக்கிய சூடான வெங்காய அடை. அதில் பன்றி இறைச்சித் துண்டுகள் போடுவார்கள், சைவக்காரர் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கோ. பிறகு வைன் சுவைத்தல், ரீஸ்லிங் என்ற வெள்ளை வைனில் ஆறு வகை. இவர் தண்ணீரோடு எனக்குப் பக்கத்தில் இருந்தார். அவரோடு சேர்ந்து நானும் இத்தனை வருடம் தொடவில்லை, அன்றும் என் கிளாசைக் கவிழ்த்துத்தான் வைத்திருந்தேன். அவர் அதை நிமிர்த்தி வைத்தார்.

"குடியும். நீர் எனக்காண்டி வாயைக் கட்டினது காணும்."

மூன்றாவது வகை எனக்குப் பிடித்தது. பச்சை அப்பிள் மணம், நாக்கில் ஒரு குறுகுறுப்பு. அவர் பார்த்துக்கொண்டிருக்கவே ஒரு கிளாசை முழுதாகக் குடித்தேன். அவர் அதற்குள் ஒல்லாந்துக்காரி ஒருத்தியோடு தண்டவாள எஞ்சினைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விசயங்கள். செப்டெம்பர் கடைசியிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதிவரை அறுவடை. மழையைப் பார்த்து நாளை மாற்றுவார்கள், அதனால் விடுமுறையை இறுக்கிப் போடாதேங்கோ. அடிப்பாகம் நல்ல பிடிப்புள்ள சப்பாத்து வேண்டும், முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்கு இந்த மலை ஏலாது. குடிக்காதவர்கள் முற்றத்தில் எந்தச் சாடியிலிருந்து ஊற்றினாலும் புதுச் சாறா, பெடர்வைசரா என்று வாய்விட்டுக் கேளுங்கோ. வெட்கப்படத் தேவையில்லை. புதுச் சாறு அறுவடை நேரத்தில் மட்டும்தான் கிடைக்கும். அதற்காகவே போகலாம்.

இதை எழுதி முடித்ததும் இவரிடம் வாசித்துக் காட்டினேன். போடலாமோ என்று கேட்டேன். குடியை விட்ட கதை வரும் இடங்களை எடுத்துவிடவா என்றும் கேட்டேன்.

"என்ர பேரைப் போடாதையும். மற்றதெல்லாம் அப்பிடியே கிடக்கட்டும். ஆராவது ஒருத்தன் வாசிப்பான்."