வளையல் சத்தம் நின்ற நேரம்

என் கல்யாணத்தில் நான் போட்டிருந்தது குத்தாமலே மூக்கைக் கவ்விக்கொள்ளும் மூக்குத்தி. தாலி கட்டுகிற நேரத்தில் அது நழுவி மடியில் விழுந்தது. பார்த்தவர் என் மாமியார் ஒருவர்தான். சட்டென்று எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். சபையில் வாயே திறக்கவில்லை. அதற்கும் சேர்த்து ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டினார்.

மூக்கு குத்தாத பெண்ணை யார் கட்டுவார்கள் என்று உறவினர்கள் கேட்காத நாளில்லை. எனக்கு ஊசி என்றால் அப்படி ஒரு பயம். தையல் ஊசியை எடுப்பேன், ரவிக்கை தைப்பேன். ஊசி துணிக்குள் போகிறவரை எனக்கும் அதற்கும் சண்டையில்லை. உடம்புக்குள் போகும் என்று நினைத்தாலே கை கால் விறைத்துக் கண் இருட்டிவிடும். சின்ன வயதில் அம்மை குத்துகிறவர் எங்கள் மயிலாப்பூர்த் தெருவுக்கு வந்தபோது வெந்நீர்த் தவலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அக்காதான் இழுத்து வந்து மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் கடித்த தடம் ரொம்ப நாள் அவள் தோளில் இருந்தது.

அம்மா இல்லாத வீட்டில் என்னை வளர்த்தவள் அந்த அக்கா. அவளுடைய முதல் பிரசவத்தில் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அழுகைச் சத்தம் கேட்டு நாங்களெல்லாம் வாசலில் சிரித்துக்கொண்டிருந்தோம். அதே நேரத்தில் உள்ளே அக்கா போய்விட்டாள். உடம்பில் ரத்தமே இல்லை என்று பிறகு சொன்னார்கள். அன்றிலிருந்து பிறந்த குழந்தை அழுகிற சத்தம் எனக்கு நல்ல சத்தமாகக் கேட்டதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் உண்டானபோது எங்கள் வீடு மந்தைவெளியில் இருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நகம் வெளுத்தது. பக்கத்தில் பெண்களுக்கென்று ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே டாக்டரம்மா என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் போதாது என்று ஆட்டு ஈரல் நிறையச் சாப்பிடச் சொன்னார். அத்தை (மாமியாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) தினமும் மிளகு போட்டு வதக்கிக் கொடுத்தார். ஒரு வாய் கூட வயிற்றில் தங்கவில்லை. அப்படியானால் ஈரல் சத்தை ஊசியாகத்தான் ஏற்ற வேண்டும், பிரசவம் வரை விடாமல் போட வேண்டும், இல்லையென்றால் நான் பொறுப்பில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

முதல் நாள் என் வீட்டுக்காரர் கூட வந்தார். ஆண்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. வெளியே புங்கமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே ஸ்பிரிட் அடுப்பில் ஒரு தட்டு நிறையத் தண்ணீர் கொதித்தது. அதற்குள் ஊசி துள்ளித் துள்ளித் தட்டில் மோதுகிற சத்தம் கேட்டது. அந்தக் கால ஊசி கோணி தைக்கிற மாதிரி இருக்கும். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று நர்ஸிடம் சொன்னேன். பக்கத்து வாசல் வழியாக இறங்கினேன். அவ்வளவுதான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மயிலாப்பூர்க் குளம் வரைக்கும் நடந்தேன்.

அவர் தேடிப்பிடித்து வந்தபோது நான் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் போய் மீனுக்குப் போடுகிற பொரி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தார். பாதியை என் கையில் கொட்டினார். தியாகராய நகரில் அப்போதுதான் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அங்கே ஓர் அச்சுக்கூடத்தில் பிழை திருத்துகிற வேலை அவருக்கு. நாளெல்லாம் பேசாமல் உட்கார்ந்து பழகியவர், வீட்டிலும் அப்படித்தான். பொரி தீர்கிறவரை மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் அக்கா போன கதையை முழுசாக அவரிடம் சொன்னேன். வாசலில் நாங்கள் சிரித்ததையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "நீயும் அப்டி போய்ட்டா நான் இன்னா பண்றது?"

வருகிறேன் என்று தலையாட்டினேன். ஆட்டினேனே தவிர, அடுத்த முறை ஊசியைக் கண்டதும் மயங்கி விழுந்தேன். அதற்கடுத்த முறை கையை உதறிய வேகத்தில் மருந்துக் குப்பி உடைந்தது. ஆசை இல்லாமலா? உயிரோடு இருக்க எனக்கும் ஆசைதான். அந்தப் பயம் என் பேச்சைக் கேட்கவில்லை.

இதற்கிடையில் எனக்கு வளைகாப்பு வந்தது. தாய்வீடு இல்லாத பெண்ணுக்கு யார் செய்வது? அத்தை தானே தாயாக நின்று செய்தார். இரண்டு கையிலும் முழங்கைப் பக்கம் வரை கண்ணாடி வளையல் ஏறியது. பிள்ளை பிறக்கிறவரை அதைக் கழற்றக்கூடாது. அந்தச் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கும் என்பார்கள். பிறந்த பிறகு வளையல் முழுதும் பிரசவம் பார்த்தவருக்குச் சொந்தம். மூக்கில் ஏறாதது கையிலாவது ஏறியதே என்று எல்லோர் முன்னாலும் அத்தை கேலி செய்துவிட்டு, என் கன்னத்தில் சந்தனம் பூசினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வளையலோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசியைப் பார்த்ததும் கை நடுங்கியது. கை நடுங்க நடுங்க அத்தனை வளையலும் கலகலவென்று சத்தம் போட்டன. நர்ஸ் சாந்தோம் பக்கத்து அம்மாள், வாய்த்துடுக்கு. வழக்கமாக ஆயாவை விட்டு என்னை அழுத்திப் பிடிக்கச் சொல்வார். அன்றைக்கு என்ன தோன்றியதோ, ஆயாவை வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு என் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"இத பாரும்மா. இந்த வளையல் சத்தம் நிக்கற வரைக்கும் நான் கிட்ட வரமாட்டேன். எவ்ளோ நேரமானாலும் சரி. நீயா நிறுத்து, அப்பால போட்றேன்."

என்னைக் கேட்டுக்கொண்டு ஊசி வரும் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. வளையல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். நிறுத்த நினைத்தால் அதிகமானது. விட்டுவிட்டு மூச்சை மட்டும் பார்த்தேன். மெல்ல மெல்லக் குறைந்தது. கடைசியில் ஒரே ஒரு வளையல் மட்டும் டிங்கென்று சொல்லிவிட்டு அடங்கியது. நர்ஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வலித்தது, நன்றாகவே வலித்தது. ஆனால் நான் எழுந்து ஓடவில்லை.

வெளியே வந்தால் என் வீட்டுக்காரர் முகம் வெளிறிப் போயிருந்தது. புங்கமரத்தடிக்கு ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டிருக்கிறது. "சத்தம் நின்னவொடனே எனக்கு உசுரே நின்ன மாதிரி ஆயிப்போச்சு. ஊசிய எடுத்ததும் கையை ஆட்டிடு. நான் கேட்டுக்கினு இருப்பேன்" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலை கிடைத்தது. ஊசி உள்ளே இருக்கிற நேரம் முழுதும் அதை நினைக்காமல், எப்போது ஆட்டலாம் என்பதையே நினைத்துக்கொண்டிருப்பேன். எடுத்ததும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டுவேன். ஜன்னலுக்கு வெளியே பெஞ்சு கிறீச்சிடும். அவர் எழுந்துவிட்டார் என்று அர்த்தம். பயம் போனதா என்றால், போகவில்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் வந்தது. நானும் ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் போட்டுக்கொண்டேன். நகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு ஏறியது.

வலி எடுத்தது ஒரு பகல் வேளையில். அதே ஆஸ்பத்திரி, அதே நர்ஸ். அத்தை உள்ளே என் தலைமாட்டில் நின்றார். என் வீட்டுக்காரர் புங்கமரத்தடியில். வலி வரும்போதெல்லாம் இரும்புக் கட்டிலைப் பிடித்து உலுக்கினேன். வளையல் ஓயாமல் சத்தம் போட்டது. கடைசிக் கட்டத்தில் இரண்டு வளையல் உடைந்து மணிக்கட்டில் கீறியது. பிள்ளை மேல் கண்ணாடி பட்டுவிடப் போகிறது என்று நர்ஸ் சோப்பைத் தடவி எல்லாவற்றையும் உருவித் துண்டில் சுற்றி வைத்துவிட்டார். அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் நினைவில் இல்லை. அவர் வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதும் நினைவில் இல்லை.

பெண் குழந்தை பிறந்தது. ஓவென்று அழுதது. அத்தை சொல்வதற்கு வெளியே ஓடினார். ஆண்கள் வரக்கூடாது என்று ஆயா தடுத்ததையும் மீறி அவர் உள்ளே வந்தார். அத்தையைத் தாண்டினார். துணியில் சுற்றி வைத்திருந்த குழந்தையைத் தாண்டினார். கட்டிலருகில் நின்று என் வெறும் கையைப் பார்த்தார்.

"வளையல் எங்கே?" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சத்தம் நின்றிருக்கிறது. அதற்குப் பிறகு நான் கையை ஆட்டவேயில்லை. பிறகு குழந்தை மட்டும் அழுதிருக்கிறது. என் அக்கா கதையை அவர் ஒரு வார்த்தை மறக்கவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, தன் அம்மா எதிரிலேயே தேம்பித் தேம்பி அழுதார்.

"இன்னா நைனா, பொண்ணு பொறந்து கீது, நீ வளையலத் தேடிக்கினு கீற? அது இப்ப என்னுது" என்றார் நர்ஸ். சொல்லிவிட்டு, துண்டைப் பிரித்து உடையாத வளையலாக இரண்டு எடுத்து என் கையில் போட்டார். பச்சை வளையல்கள்.

கையைத் தூக்கத் தெம்பில்லை. கட்டிலிலேயே வைத்து ஆட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தையைக் கேட்டுக் கை நீட்டினார்.