வியாழக்கிழமை மூன்று மணி

எங்கள் வீட்டுத் தொலைபேசிக்குக் காலர் ஐடி வாங்கித் தந்தவள் நான்தான். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். மாடம்பாக்கத்தில் பெற்றோருடன் வசித்தேன். அப்பா தம் நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார். அவர் வெளியே போயிருக்கும்போது புரோக்கர்கள் அழைத்தால், அழைத்தது யாரென்று அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது. மாலையில் அதற்கொரு சண்டை நடக்கும். அந்தச் சண்டையை ஒழிக்கத்தான் தாம்பரம் மார்க்கெட்டில் அந்தச் சிறிய பெட்டியை வாங்கினேன்.

அழைப்பவரின் எண்ணும் நாளும் நேரமும் அதில் பதியும். பொத்தானை அழுத்தினால் பழைய அழைப்புகள் ஒவ்வொன்றாக வரும். அப்பா குளித்துவிட்டு வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாளிதழ் படிப்பதுபோல் அந்தப் பட்டியலைப் படிப்பார்.

அம்மா முதல் நாளே கேட்டாள்: “இது நாம பேசறதையும் புடிச்சி வச்சிக்குமாடீ?”

“பேச்செல்லாம் பதியாதும்மா. நம்பர் மட்டுந்தான்,” என்று சிரித்தேன்.

அவள் முகம் தெளிந்தது. நாவல்களில் மாந்தர் மனத்தைத் துருவித் துருவிப் பார்க்கிற நான், அந்தக் கேள்வியை ஏனோ துருவவில்லை.

மூன்றாம் வாரம் அப்பா கேட்டார்: “இன்னா இது? வியாழக்கெழம ஆனா மூணு மணிக்குத் திருப்பூர் நம்பர் ஒண்ணு வருது?”

“ராங் நம்பரு,” என்றாள் அம்மா, அடுக்களையிலிருந்தே.

“நாள் கெழம பாத்துகினு வர்ற ராங் நம்பரா?”

திருப்பூரில் இருந்தவள் என் தங்கை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், தானே தேர்ந்துகொண்ட ஒரு பனியன் கம்பெனித் தொழிலாளியை மணந்து போனவள். இனி இந்த வீட்டில் அவள் பேச்சே கூடாது என்று அப்பா சொன்னபோது, ஆமாம் என்றவள் நான். அவளால் என் கல்யாணம் தட்டிப்போயிற்று என்ற ஆத்திரம் எனக்கு. அதனால்தான், அப்பா மனை காட்டப் போகிற, நான் பள்ளியில் இருக்கிற நேரமாகப் பார்த்து, வாரம் ஒருமுறை அம்மா அவள் குரலைக் கேட்டுவந்தாள். அப்பாவிடம் மறைத்தது பயத்தால். என்னிடம் மறைத்தது, என்னை அறிந்திருந்ததால்.

அடுத்த வியாழக்கிழமை அப்பா வெளியே போகவில்லை. எனக்குக் காலாண்டு விடுமுறை. மூன்று மணிக்கு மணி அடித்தது. அப்பா பெட்டியில் எண்ணைப் பார்த்தார். ரிசீவர்மேல் கையை அழுத்தி வைத்துக்கொண்டார்.

“என்னையாவது எடுக்க வுடுங்க,” என்றாள் அம்மா.

“ராங் நம்பர்னு நீதான சொன்ன?”

மணி ஓய்ந்தது. மறுபடி அடித்தது; மறுபடி ஓய்ந்தது. நானும் அந்த அறையில்தான் இருந்தேன்.

அதற்கடுத்த வியாழனும் அப்படியே. பிறகு மணி அடிக்கவில்லை.

அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதைக் கவனித்த பிறகே எனக்கு உறைத்தது. பெட்டியிலிருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, சேலையூரில் ஒரு எஸ்டிடி பூத்திலிருந்து அழைத்தேன். மறுமுனையில் இருந்ததும் ஒரு பூத்துதான்.

“வியாழக்கெழம வர்ற அந்தப் புள்ளயக் கேக்கறீங்களா? இப்ப மூணு வாரமா வர்றதில்லீங்க,” என்றார் அங்கிருந்தவர். “நீங்க யாருங்க?”

“அவ அக்கா.”

“அக்கா இருக்கறதாச் சொல்லவேயில்லீங்களே. அம்மாகிட்டத்தானுங்க பேசும்.”

வீடு எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. வந்தால் கொடுக்கும்படி பள்ளி எண்ணைச் சொல்லிவிட்டு வைத்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பெரிய உபகாரம் செய்தவளின் தோரணை என் குரலில் இருந்திருக்க வேண்டும். அவள் கை வேலையைப் போட்டுவிட்டு என் முழங்கையைப் பற்றினாள்.

“கொழந்த பொறந்துடுச்சாமா? கேட்டியா?”

தங்கை கர்ப்பமாக இருந்ததே எனக்குத் தெரியாது.

பள்ளிக்கு அழைப்பு எதுவும் வரவில்லை. அரையாண்டு விடுமுறையில் திருப்பூருக்கே போனேன். முகவரி அம்மாவுக்கும் தெரியாது; அந்தப் பூத்தைச் சுற்றி விசாரித்தேன். பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் வீடு மாறிக்கொண்டே இருப்பார்கள், யாரைக் கேட்பது என்றார்கள். அம்மா கண்மூடும்வரை, அவளுடைய பேரப்பிள்ளை ஆணா பெண்ணா என்று அவளுக்குச் சொல்ல என்னால் முடியவில்லை.